14 மீட்டர் தெரு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தம்.)



இன்றைய கதையை ஒரு கரண்ட் மீட்டரில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2022 அக்டோபர். கம்பெனி என்னை ஆன்சைட் வேலைக்கு இங்கிலாந்து அனுப்பியிருந்தது. வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு நூறு வயசுக்கு மேல் இருக்கும். தெரு நெடுக ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று. பார்க்க அழகு. ஆனா ஜன்னல் சட்டத்தில் ஒரு இடுக்கு, கதவுக்கு அடியில் ஒரு இடுக்கு, படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. அந்த வீட்டு மீட்டர் நம்ம ப்ரீபெய்ட் சிம் மாதிரி. கடைக்குப் போய் டாப்-அப் பண்ணணும். காசு தீர்ந்தால் ஹீட்டர் நின்றுவிடும். ராத்திரி மூணு மணிக்கு நின்றால், மூணு மணிக்கே குளிரில் முழிப்பு வரும்.

நான் சம்பாதிக்கிற ஆள், சமாளித்துவிட்டேன். பக்கத்து வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருந்தார். காலையில் கோட்டு, குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு பொது நூலகத்துக்குப் போவார். சாயங்காலம்தான் திரும்புவார். நல்ல படிப்பாளி போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "அங்கே ஹீட்டருக்கு நான் காசு கொடுக்க வேண்டியதில்லை, தம்பி." தம்பி என்பது என் மொழிபெயர்ப்பு. சிரிப்பு அவருடையது.

அந்த வருஷக் கணக்கைச் சொல்கிறேன். பிரிட்டனில் ஒரு சராசரி வீட்டின் கேஸ், கரண்ட் செலவுக்கு வைத்த உச்சவரம்பு 2021 அக்டோபரில் வருஷத்துக்கு 1,277 பவுண்ட். அடுத்த அக்டோபரில், அரசாங்கம் மானியம் கொடுத்த பிறகும், 2,500 பவுண்ட். ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அந்தக் குளிரில்தான் ஆபீஸில் ஒருத்தர் சொன்னார்: "நாரிச்சில் ஒரு தெரு இருக்கு. அங்கே இருக்கிறவங்களுக்கு இந்தக் கவலை ரொம்பக் கம்மி. பணக்காரங்க தெரு இல்லை. கவுன்சில் வீடுகள்." லண்டனில் இருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போய்விட்டேன். இந்த எபிசோட் அந்தத் தெருவோட கதை.

தட்டாரத் தெரு

தெருவின் பெயர் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட். நம்ம ஊரில் இருந்தால் தட்டாரத் தெரு என்றே சொல்லியிருப்போம். நாரிச் இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பழைய நகரம். இந்த இடம் புறநகரில் காலி வயலை வளைத்துப் போட்ட லே-அவுட் இல்லை. நகர மையத்துக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் ஏற்கெனவே ஜனங்கள் வாழும் பேட்டையில் இருக்கிறது. அங்கே 105 வீடுகள்: 45 தனி வீடுகள், 60 ஃப்ளாட்டுகள். எல்லாம் நகர கவுன்சில் கட்டியவை. குடியிருப்பவர்கள் கவுன்சிலின் வாடகைதாரர்கள். சந்தை வாடகையைவிடக் குறைந்த சமூக வாடகை கட்டுகிறார்கள்.

2019 அக்டோபரில் இந்தத் தெருவுக்கு ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது. பிரிட்டனில் ஒரு கட்டடத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய கௌரவம் அது. 2004இல் அதை வாங்கியது லண்டனில் 'வெள்ளரிக்காய்' என்று செல்லப்பெயர் எடுத்த அந்தக் கண்ணாடிக் கோபுரம். 2018இல் வாங்கியது ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் லண்டன் தலைமையகம். அடுத்த வருஷமே ஒரு கவுன்சில் தெரு. 1996இல் தொடங்கிய பரிசு அது. அதுவரை கவுன்சில் வீடுகளுக்கு ஒரு முறைகூடப் போனதில்லை.

அழகுக்காகக் கொடுத்தார்கள் என்பது பாதிக் காரணம்தான். இந்த வீடுகள் பாசிவ்ஹவுஸ் என்ற ஜெர்மன் தரத்தில் கட்டியவை. வீட்டைச் சூடாக்க வருஷத்துக்குச் சுமார் 150 பவுண்ட் போதும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். கட்டுமானச் செலவு மொத்தம் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்ட், அதாவது வீட்டுக்கு ஒன்றரை லட்சத்துக்குள். இங்கிலாந்துக் கணக்கில் இது ஆடம்பரத் தொகை இல்லை.

எனக்கு வந்த கேள்வி சிம்பிள். இது முடியும் என்றால், அந்தப் பாட்டியோட வீடு ஏன் அப்படி இருக்கு? பதிலைத் தேடிப் போனால் அது கட்டடக் கலையில் இல்லை. நூறு வருஷ வரலாற்றில் இருக்கிறது.

70 அடியை யார் ஹார்ட்கோட் பண்ணினது?

நம்ம ஆபீஸில் பழைய கோடில் ஒரு நம்பர் இருக்கும். எங்கே இருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எழுதினவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். ஆனா மாற்ற எல்லாருக்கும் பயம். பிரிட்டிஷ் வீட்டுத் திட்டமிடலில் அப்படி ஒரு நம்பர் 70 அடி. மீட்டரில் 21. எதிரெதிர் வரிசை வீடுகளுக்கு நடுவே குறைந்தது இவ்வளவு இடைவெளி வேண்டும்.

1918க்குப் போகலாம். முதல் உலகப் போர் முடிகிற நேரம். தொழில் நகரங்களில் ஏழைகள் வாழ்ந்த சந்துகள் வெளிச்சமோ காற்றோ இல்லாமல் நோய்க் கிடங்காக இருந்தன. போர்முனையில் இருந்து திரும்பி வரும் சிப்பாய்களுக்குக் கௌரவமான வீடு தர வேண்டும் என்று அரசு ஒரு குழு போட்டிருந்தது. அந்த டியூடர் வால்டர்ஸ் குழுவில் இருந்த முக்கியமான மூளை ரேமண்ட் அன்வின். லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரத்தை வடிவமைத்த இருவரில் ஒருவர். 1912இலேயே, நெருக்கியடித்துக் கட்டுவதால் ஒரு லாபமும் இல்லை என்று சிறு நூல் எழுதியவர். அந்தக் குழுவின் அறிக்கை சொன்னது: நகரத்தில் ஏக்கருக்கு 12 வீட்டுக்கு மேல் வேண்டாம். எதிரெதிர் வரிசைகளுக்கு நடுவே 70 அடி இருக்கட்டும்.

இந்த 70 அடிக்கு, எதிர்வீட்டு ஜன்னலில் நிற்கிறவரைச் சங்கடப்படும் அளவுக்குத் தெளிவாகப் பார்க்க முடியாத தூரம் அது என்று கட்டடக்காரர்கள் ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும். அறிக்கையில் இருக்கும் காரணம் குளிர்கால வெயில்.

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாரிச் பூமத்திய ரேகையில் இருந்து 52.6 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பர் 21 நடுப்பகலில் சூரியன் தரைமட்டத்தில் இருந்து வெறும் 14 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே நாள், அதே நடுப்பகல், சென்னையில் 53 டிகிரிக்கு மேல். நம்ம ஊரில் ஒரு மீட்டர் கம்புக்கு முக்கால் மீட்டர் நிழல் விழும். அங்கே நாலு மீட்டர். இரண்டு தளம் கொண்ட வீட்டின் சுவர் 17, 18 அடி என்று வைத்துக்கொண்டால், நிழல் அதைப்போல நாலு மடங்கு. எவ்வளவு வருது? 70 அடி!

ஆக அந்த நம்பர் முட்டாள்தனமாக வந்தது இல்லை. வருஷத்தின் மிகக் குட்டையான பகலிலும் ஏழை வீட்டின் கீழ்த்தளத்துக்கு வெயில் வரணும் என்கிற அக்கறையில் வந்தது. 1919இல் அடிசன் சட்டம் வந்தது. நகர கவுன்சில்கள் அரசு மானியத்தோடு வீடு கட்டி வாடகைக்கு விடுவது பெரிய அளவில் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நாரிச் உற்சாகமாக இறங்கியது. 1920களில் அது கட்டிய மைல் கிராஸ் குடியிருப்பு, தோட்ட நகரப் பாணியில் அகலமான தெருக்களோடு இன்றும் இருக்கிறது.

ஆனால் 70 அடிக்கு ஒரு விலை உண்டு. அது நிலம். அகலமாகத் தெரு விட்டால், அதே நிலத்தில் வீடு குறையும். வயல்வெளியில் கட்டும்போது அந்த விலை தெரியாது. ஊருக்கு நடுவில், ஏற்கெனவே நிறைந்திருக்கும் பேட்டையில், அந்த ஒரு நம்பரே திட்டத்தைக் கொன்றுவிடும். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

விற்காமல் இழுத்தடித்த ஊர்

1950களின் நடுவில் பிரிட்டனில் கவுன்சில்கள் வருஷத்துக்கு 2 லட்சத்துக்கும் மேல் வீடு கட்டின. கட்சி பேதமில்லாமல் நடந்த வேலை அது. தபால்காரர், நர்ஸ், ஆசிரியர் என்று பலரும் கவுன்சில் வீட்டில் இருந்தார்கள்.

1980இல் மார்கரெட் தாட்சர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர், அந்த வீட்டைத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம். மூணு வருஷம் இருந்திருந்தால் 33 சதவீதம் தள்ளுபடி. இருபது வருஷம் என்றால் 50 சதவீதம். 'வாங்கும் உரிமை' என்று பெயர்.

இதை வில்லத்தனம் என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு மனசு வரலை. வாழ்நாள் முழுக்க வாடகை கட்டிய ஒரு தொழிலாளிக்கு, பாதி விலையில் சொந்த வீடு. நீங்களா இருந்தா வேண்டாம்னு சொல்வீங்களா? நான் சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது நிஜமான முன்னேற்றம். பிரச்சினை இன்னொரு பக்கம் இருந்தது. விற்ற பணத்தை எடுத்துப் புது வீடு கட்டுவதற்குக் கவுன்சில்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டார்கள். வித்தாச்சு, ஆனா கட்ட முடியாது.

நாரிச் இழுத்தடித்தது. வாங்கக் கேட்டவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள், விற்பனை ஆமை வேகத்தில் நகர்ந்தது. வீட்டுவசதித் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன், சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைப் பயன்படுத்தி, விற்கும் வேலையைத் தன் துறையே எடுத்துக்கொள்ளும் என்று உத்தரவு போட்டார். நாரிச் கோர்ட்டுக்குப் போனது. 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் லார்ட் டென்னிங் இருந்த அமர்வு அமைச்சர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது. நாரிச் தோற்றது.

1980இல் இருந்து இதுவரை இங்கிலாந்தில் விற்றது சுமார் 20 லட்சம் வீடு. கட்டியது? 2000களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எல்லாக் கவுன்சில்களும் சேர்ந்து ஒரு வருஷத்தில் கட்டியது சில நூறைக்கூடத் தாண்டவில்லை. வருஷத்துக்கு 2 லட்சத்தில் இருந்து சில நூறு. வீடு கட்டத் தெரிந்த கவுன்சில் இன்ஜினியர்கள் ரிட்டயர் ஆனார்கள். அந்த இடங்களுக்கு ஆள் எடுக்கவில்லை. ஒரு டீமைக் கலைச்சுட்டு, பத்து வருஷம் கழிச்சு அந்த ப்ராடக்ட் ஏன் வளரலைன்னு கேட்கிற மாதிரிதான்.

ஃப்ளாஸ்க் மாதிரி ஒரு வீடு

இதே காலத்தில் ஜெர்மனியில் வேறொரு விஷயம் நடந்தது. 1988இல் ஸ்வீடன் பேராசிரியர் போ ஆடம்சனும் ஜெர்மன் இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்டும் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ஹீட்டரே கிட்டத்தட்டத் தேவைப்படாத வீட்டைக் கட்ட முடியுமா? டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஒட்டி ஒட்டி நாலு வீடு கட்டினார்கள். 1991இல் குடியேறினார்கள். ஃபைஸ்டின் குடும்பமும் அதில் ஒரு வீட்டில் குடியேறியது. தன்னோட கோடைத் தானே ப்ரொடக்‌ஷனில் ஓட்டிப் பார்த்த மனுஷன்!

தத்துவம் நம்ம வீட்டு ஃப்ளாஸ்க்தான். டீயை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டே இருக்கலாம். இல்லை, ஒரு தடவை சூடு பண்ணி ஃப்ளாஸ்க்கில் ஊற்றி மூடலாம். தடிமனான காப்புச் சுவர். மூணு அடுக்குக் கண்ணாடி ஜன்னல். எங்கேயும் இடுக்கு இல்லாத கட்டுமானம். உள்ளே மனிதர்களின் உடல் சூடு, சமையல், ஜன்னல் வழியாக வரும் வெயில், இதுவே பெரும்பாலும் போதும். மூடி வைத்தால் மூச்சு முட்டாதா என்றால், அதற்கு ஒரு கருவி இருக்கிறது. வெளியே போகும் பழைய காற்றின் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுத்துவிடும். காற்று மாறும், சூடு தங்கும். தரத்தின் இலக்கணம்: வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல் செலவாகக் கூடாது.

ஆக தொழில்நுட்பம் 1991இலேயே ரெடி. கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் 2019. நடுவில் 28 வருஷம். ஏன்?

வீடு கட்டி விற்கிற பில்டர் இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. காப்புச் சுவருக்குக் கூடுதல் காசு போடுவது அவர். அதனால் மிச்சமாகும் ஹீட்டர் செலவு, வாங்கியவருக்கு. சாவியைக் கொடுத்த அன்றோடு அவர் கணக்கு முடிந்தது. வாடகைக்கு விடும் ஓனருக்கும் இதே கதைதான். என் வீட்டு ஜன்னல் இடுக்கை அடைத்தால் மிச்சம் எனக்கு, செலவு ஓனருக்கு. அவர் ஏன் அடைப்பார்? அடைக்கலை. நான் மூணு தடவை மெயில் போட்டேன்.

இந்த முடிச்சை அவிழ்க்க, கட்டிவிட்டு ஓடிப்போகாத ஒரு கட்டுநர் வேண்டும். நிலம் அவருடையதாக இருக்கணும். அறுபது வருஷம் கழிச்சும் அதே வீட்டுக்கு அவரே பொறுப்பாக இருக்கணும். வாடகைதாரர் பில் கட்ட முடியாமல் தவித்தால், சுவரில் பூஞ்சை வந்தால், அது அவருக்கும் தலைவலியாக இருக்கணும். அப்படி ஒரு கட்டுநர் இருந்தது. அதைத்தான் 1980க்குப் பிறகு கட்ட விடாமல் வைத்திருந்தார்கள்.

நஷ்டத்தில் வந்த அதிர்ஷ்டம்

2008இல் நாரிச் கவுன்சில் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் நிலத்துக்கு ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தது. ஜெயித்தது ஒரு சின்ன நிறுவனம். பின்னாளில் மிகேல் ரிச்சஸ் என்று பெயர் மாறியது. கேத்தி ஹாலி அவர்களோடு சேர்ந்து வடிவமைத்தார். அப்போதைய திட்டம், நிலத்தை வடிவமைப்போடு வேறு ஒரு வீட்டுவசதி அமைப்புக்கு விற்றுவிடுவது. அதே வருஷம் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வாங்க ஆள் இல்லை. திட்டம் பல வருஷம் அலமாரியில் தூங்கியது.

2012 ஏப்ரலில் விதி மாறியது. கவுன்சில்கள் தங்கள் வாடகை வருமானத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, அதன் பேரில் ஓரளவு கடனும் வாங்கலாம். நாரிச் யோசித்தது: விக்கிறதை விடு, நாமே கட்டினா என்ன? நிலம் யாருக்கும் விற்காமல் கையில் இருந்தது. 2008இல் ஆள் கிடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நம்பரை விட்டு, காரணத்தைப் பிடித்தார்கள்

இப்போ 70 அடிக்குத் திரும்புவோம். அந்த விதிப்படி கட்டினால் இந்த நிலத்தில் வீடுகளின் எண்ணிக்கை சரிந்துவிடும். எண்ணிக்கை போதலை என்றால் நாலு மாடி, அஞ்சு மாடி ப்ளாக் கட்டணும். அது சுற்றியிருக்கும் பழைய பேட்டைக்குப் பொருந்தாது. வடிவமைப்பாளர்கள் வெளியே போய் ஊரைப் பார்த்தார்கள். நாரிச்சில் எல்லாரும் குடியிருக்க ஆசைப்படும் பகுதி 'கோல்டன் ட்ரையாங்கிள்'. விக்டோரியா காலத்து வரிசை வீடுகள். அங்கே தெருக்கள் 70 அடியைவிட ரொம்பக் குறுகல். ஜனங்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

அதை ஆதாரமாக வைத்து 14 மீட்டருக்கு அனுமதி வாங்கினார்கள். சுமார் 46 அடி. ஆனா வெறுமனே நம்பரைக் குறைக்கலை. அந்த நம்பர் எதைக் காப்பாத்த வந்ததோ, அதை வேற வழியில் காப்பாத்தினாங்க. வெயில் வரணுமா? கூரையைச் செங்குத்தாக ஏற்றாமல் 15 டிகிரி சாய்வில் படுக்க வைத்தார்கள். டிசம்பர் சூரியனின் 14 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் கோணம். கூரை தன் பங்குக்கு நிழலைப் பெரிதாக நீட்டாது. என் கணக்குப்படி, இரண்டு தள வீட்டுக்கு எதிரே, டிசம்பரின் குட்டைப் பகலில் கீழ்த்தளத்துக்கு முழு வெயில் வராது. பிப்ரவரி இரண்டாம் வாரத்திலேயே நடுப்பகல் வெயில் எதிர்வீட்டுச் சுவரின் அடிவரைக்கும் இறங்கிவிடும். மறைவு வேண்டுமா? எதிரெதிர் ஜன்னல்கள் நேருக்கு நேர் முறைத்துக்கொள்ளாமல் பார்த்துப் பார்த்து வைத்தார்கள்.

போய்ப் பார்த்தபோது எனக்குப் பிடித்த விஷயம், யாரும் கவனிக்காத ஒன்று. வீட்டுக் கதவில் தபால் போடும் ஓட்டை கிடையாது. இங்கிலாந்தில் அது இல்லாத கதவே அபூர்வம். ஓட்டை இருந்தால் குளிர் காற்று நுழையும் என்று, தபால் பெட்டியை வெளியே வாசல் முகப்பில் வைத்துவிட்டார்கள். என் வாடகை வீட்டில் அந்த ஓட்டை வழியாகத்தான் ராத்திரி விசில் சத்தம் கேட்கும்.

சுவர்கள் 60 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன். ஜன்னல்கள் பழைய வீடுகளில் இருப்பதைவிடச் சின்னவை. அது தெரியாமல் இருக்க, ஜன்னலைச் சுற்றிச் சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சட்டம் போட்டது போலக் கட்டியிருக்கிறார்கள். ஃப்ளாட்டில் இருக்கிறவர்களுக்கும் தெருவிலேயே சொந்தக் கதவு, சொந்தப் படிக்கட்டு. இருட்டு காரிடார் கிடையாது. கார்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வீடுகளின் பின்பக்கம் ஒரு பொதுச் சந்து. நான் போன அன்றைக்கு, அந்தக் குளிரிலும், இரண்டு குழந்தைகள் அங்கே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கதவு திறந்தது. ஒரு அம்மா சாதாரண அரைக்கை டீ-ஷர்ட்டில் வந்து அவர்களை உள்ளே கூப்பிட்டார். நான் கோட்டு, மப்ளர், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பாசிவ்ஹவுஸ் பற்றிப் படித்த எதையும்விட எனக்கு அந்த டீ-ஷர்ட்தான் புரிய வைத்தது.

இன்னும் முடியலை

இதோட சுபம் போட்டுடலாம். ஆனா ஒரு பாக்கி இருக்கு.

1980இல் வந்த அந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் வாடகைதாரர்களுக்கும் அந்த வாங்கும் உரிமை பொருந்தும். 40 வருஷம் முன்னால் விற்காமல் இழுத்தடித்துக் கோர்ட்டில் தோற்ற அதே ஊர், தான் கட்டிய சிறந்த தெருவையும் ஒவ்வொரு வீடாக இழக்கலாம். வாங்குகிறவர் நாளைக்கு அதை இன்னொருத்தருக்கு விற்பார். அவர் சந்தை வாடகைக்கு விடுவார். 'ஹீட்டர் செலவு ரொம்பக் குறைவு' என்று விளம்பரத்தில் போட்டு வாடகையை ஏத்துவார். அப்ப மிச்சம் யாருக்குப் போகும்? அன்றைக்கும் அந்த வீடு பசுமையாகவே இருக்கும். மலிவாக இருக்காது.

2024 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு இந்தத் தள்ளுபடியைப் பெரிய அளவில் குறைத்தது. பகுதிக்கு ஏற்ப இப்போது அதிகபட்சம் 16,000 முதல் 38,000 பவுண்ட் வரைதான். விற்பனை வேகம் குறையும். கதவு மூடவில்லை, ஒருக்களித்து வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டுச் சென்னையில் 60 சென்டிமீட்டர் சுவர் எழுப்பக் கிளம்பிடாதீங்க. நம்ம சூரியன் தலைக்கு மேல் நிற்கிறது. நம்ம பிரச்சினை உள்ளே வரும் சூடு. நாரிச்சில் இருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு கேள்விகள். ஒரு விதியைப் பார்த்தால், இது முதலில் யாருக்காக எழுதப்பட்டது? ஒரு புதுக் குடியிருப்பைப் பார்த்தால், முப்பது வருஷம் கழித்து இங்கே வரும் கரண்ட் பில், இதைக் கட்டினவருக்குக் கவலையா, இல்லையா? இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், பிரோஷரில் எத்தனை பச்சை இலை படம் போட்டிருந்தாலும் நான் நம்புவதில்லை.

ஊர் திரும்பும் முன்னால் அந்தப் பாட்டியிடம் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் போட்டோக்களைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "வெயிட்டிங் லிஸ்ட் எவ்வளவு நீளம்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க வாடகை வீட்டில், ஓனர் சரி பண்ணாமலே விட்ட ஒரு விஷயம் கட்டாயம் இருக்கும். அதனால் மாசம் உங்களுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த முறை அதில் இருந்து ஆரம்பிக்கலாம்.